சிராங்கூன் சாலையிலிருந்து வாட்டர்லூ தெரு வரை: ஒரு யூத மரபு நடையின் மதிப்பீடு

சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலையும் செலிகி சாலையும் கூடும் முனையில் நிற்கும் எலிசன் கட்டடத்தின் நெற்றியில் ஓர் அறுமுனை விண்மீன் பொறிக்கப்பட்டிருக்கிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவோர் எவரும் தலை நிமிர்த்தினால் காணக்கூடிய இடம் அது. இருபது ஆண்டுகளாக அந்நகரில் வாழும் என் அக்கா, அதை முருகனுடைய அறுகோணச் சக்கரம் என்றே எண்ணியிருந்தார். யாரேனும் செட்டியார் கட்டிய மாளிகையாக இருக்கும் என்று முன்பு ஒருமுறை எனக்கும் சொல்லியிருந்தார். சரவணபவ சக்கரத்தைப் பூசையறையில் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அப்படித் தோன்றியதில் பிழையில்லை. ஆனால் அது யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம். ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய ஐசக் எலிசன் என்னும் யூதர் 1924-ஆம் ஆண்டு கட்டியது அந்தக் கட்டடம். இந்த முறை சென்றபோது, சிங்கப்பூர் யூதர்களின் தடங்களைக் காட்டும் நடைச்சுற்று ஒன்றில் சேர்ந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் இது தெரியவந்தது. அந்த நடையைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

நடத்துபவர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற சீன ஆசிரியை. பெரிய சுற்றுலா நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் அவர் பிழைப்பைப் பாதிக்கக் கூடாது என்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. காலை எட்டரைக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி (நகர ரயில்) நிலைய வாசலில் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடந்து, தோபி காட் நிலையத்தில் முடிகிறது. தலைக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எங்கள் குழுவில் பதினொரு பேர் இருந்தோம். விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில்தான் என்றாலும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய பழக்கத்தால் சொற்களை நிறுத்தி, தெளிவாக உச்சரித்துப் பேசுகிறார்.

இந்த நடையின் மிகச் சிறந்த பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. யூத மரபு என்றால் யூதர்களின் வழிபாட்டிடமான ஜெப ஆலயத்துக்கு நேராக அழைத்துச் செல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்த எங்களை, அவர் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கோயிலையொட்டிப் பிரியும் தெருவின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னார். பெலிலியோஸ் சாலை. எத்தனையோ முறை செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்வந்தபோது கண்ணில் பட்டிருந்த பெயர். ஏதோ ஆங்கிலேய அதிகாரியின் பெயர் என்று கடந்திருந்த பெயர். ஐ. ஆர். பெலிலியோஸ், கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த யூத வணிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி முழுவதும் மாட்டுக்கொட்டில்களாக இருந்தது. நீரும் புல்லும் கிடைத்ததால் கால்நடைத் தொழில் இங்கே வேர்பிடித்தது. அருகிலேயே பஃபலோ சாலை இருக்கிறது. கெர்பாவ் சாலையும் இருக்கிறது. கெர்பாவ் என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். அந்தக் கொட்டில்களில் உழைக்கவும் பால் கறக்கவும் வந்தவர்களில் பெரும்பங்கினர் இந்தியர்கள். லிட்டில் இந்தியா என்று இன்று நாம் அழைக்கும் இடம் உருவானதற்கு அந்தத் தொழில் ஒரு முக்கியக் காரணம். ஆக, காளியம்மனைக் கும்பிட்ட தொழிலாளியும், மாடுகளைக் கப்பலில் தருவித்த யூத வணிகரும் ஒரே தொழிலின் இரு முனைகளில் இருந்திருக்கிறார்கள். தெருப்பெயர் ஒன்றை வைத்து இவ்வளவையும் விரித்துச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி, கொடுத்த காசுக்கு மேலான வழிகாட்டி என்றே சொல்வேன்.

அங்கே நின்றபடியே, யூதர்கள் இந்தத் தீவுக்கு வந்த வழியையும் அவர் சுருக்கமாகச் சொன்னார். பாக்தாதில் ஆட்சியாளர்களின் கொடுமை தாங்காமலும், பிரித்தானியக் கப்பல் வழிகள் திறந்துவிட்ட வணிக வாய்ப்பை நாடியும் வெளியேறிய குடும்பங்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தன. அங்கிருந்து ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் என்று துறைமுகம் துறைமுகமாகப் பரவின. 1830-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் இருந்த யூதர்கள் ஒன்பது பேர் மட்டுமே. 1841-இல் படகுத்துறைக்கு அருகே ஒரு கடைவீட்டில் முதல் ஜெப ஆலயத்தை அமைத்தார்கள். அந்த ஆலயம் மறைந்துவிட்டது. ஜெப ஆலயத்தின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய சினகாக் தெரு என்ற பெயர் மட்டும் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குச் சென்னை மண்ணடியில் உள்ள பவளக்காரத் தெரு நினைவுக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்கள் அங்கே இருந்தார்கள் என்பதை எங்கள் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? ஆட்கள் போன பிறகும் தெருப்பெயர் நின்று சாட்சி சொல்வது இரு ஊர்களிலும் ஒன்றுபோல நடந்திருக்கிறது.

எலிசன் கட்டடத்தின் எதிரே நின்ற பத்து நிமிடங்கள்தான் நடையின் மிக மோசமான பகுதி. காலை நேரப் பேருந்துகளும் சரக்குந்துகளும் இடைவிடாமல் ஓடும் சந்திப்பு அது. வழிகாட்டியிடம் ஒலிபெருக்கி இல்லை. காதில் மாட்டிக்கொள்ளும் கருவிகளும் தரப்படவில்லை. முன்வரிசையில் நின்ற மூவரைத் தவிர வேறு யாருக்கும் அவர் சொன்னது கேட்டிருக்காது. கட்டடத்தின் ஒரு பகுதியை நிலத்தடி நெடுஞ்சாலைப் பணிக்காக இடிக்கப்போவதாக 2016-இல் அறிவிப்பு வந்ததும், மரபுக் காப்பு ஆர்வலர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்ததும் கேட்டே தீரவேண்டிய செய்தி. அதை நான் பிறகு தனியே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. சத்தம் குறைந்த பக்கச் சந்தில் நின்று விளக்கிவிட்டு, பிறகு கட்டடத்தைக் காட்டினால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

செலிகி சாலையிலேயே தெற்கே நடந்தால், மிடில் சாலை குறுக்கிடும் இடத்தில் டேவிட் எலியாஸ் கட்டடம். 1928-இல் எழுந்தது, அதன் முகப்பிலும் அதே விண்மீன். ஒரே சாலையில் இரண்டு விண்மீன்கள் இருக்கக் காரணம், மிடில் சாலை, ஷார்ட் தெரு, வில்கி சாலை, சோஃபியா சாலை ஆகியவை சூழ்ந்த இந்தப் பகுதிதான் யூதக் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த மஹல்லாவாக இருந்தது என்பதே. மஹல்லா என்ற சொல் வழிகாட்டியின் வாயிலிருந்து வந்ததும் நான் சட்டென்று நிமிர்ந்தேன். நம் ஊர் முஸ்லிம் ஜமாஅத்துகளில் இன்றும் வழங்கும் அதே அரபுச் சொல். பாக்தாதிலிருந்து வந்த யூதர்களின் வீட்டுமொழி அரபு என்பதால் தங்கள் குடியிருப்புக்கும் அப்பெயரையே இட்டிருக்கிறார்கள். யூதர் என்றாலே ஐரோப்பியர் என்றும், எபிரேயம் மட்டுமே பேசுவோர் என்றும் நாம் மனத்தில் வைத்திருக்கும் சித்திரத்தை அந்த ஒரு சொல் கலைத்துவிடுகிறது.

இந்த மஹல்லாவில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் எளியவர்கள்; சிறு வணிகமும் தெருத்தெருவாகச் சுமந்து விற்பதுமே பலருக்குப் பிழைப்பு. மாளிகை கட்டிய மேயர், எலியாஸ் போன்ற செல்வக் குடும்பத்தினர் கடற்கரைப் பக்கத்திலும் ஆர்ச்சர்ட் சாலையை ஒட்டிய மேட்டுப்பகுதிகளிலும் வாழ்ந்தார்கள். இவர்களுடைய சமையலைப் பற்றி வழிகாட்டி சொன்னது என் அக்காவை மிகவும் ஈர்த்தது. இறைச்சியோடு பால் சேர்க்கக் கூடாது என்பது யூத உணவு விதி. ஆகவே இந்தியாவிலும் இங்கும் வாழ்ந்த யூதப் பெண்கள் இறைச்சிக் குழம்புக்குத் தேங்காய்ப் பாலை ஊற்றக் கற்றுக்கொண்டார்கள். விதியும் காக்கப்பட்டது, குழம்பும் கெட்டியானது. கல்கத்தா யூதர் வீடுகளில் புகழ்பெற்ற ஆலு மக்கல்லா என்ற உருளைக்கிழங்குப் பொரியலின் பெயரில் பாதி இந்துஸ்தானி, பாதி அரபு. இந்தப் பகுதியை இன்னும் நீட்டிச் சொல்லியிருக்கலாம். செல்வந்தர்களின் வரலாறு சாலைப்பெயர்களிலும் கல்வெட்டுகளிலும் தானே நிற்கும். சுமை தூக்கி விற்றவர்களின் வரலாறு சொல்பவர் இல்லாவிட்டால் போய்விடும்.

நடையின் நடுநாயகம் வாட்டர்லூ தெருவில் உள்ள மகேன் அபோத் ஜெப ஆலயம். 'நம் மூதாதையரின் கேடயம்' என்பது அப்பெயரின் பொருள். 1878-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று திறக்கப்பட்ட இது, தென்கிழக்கு ஆசியாவில் இன்று எஞ்சியிருக்கும் ஜெப ஆலயங்களில் மிகப் பழையது. 1998-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதே தெருவில் கிருஷ்ணன் கோயிலும், அதன் அருகே சீனர்கள் கூட்டம் கூட்டமாக வந்து வணங்கும் குவான் இம் கோயிலும் இருக்கின்றன. கிருஷ்ணன் கோயில் வாசலில் சீனப் பக்தர்கள் ஊதுவத்தி ஏற்றுவதைப் படம் எடுக்கும் பயணிகள், அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கும் இந்த வெண்ணிறக் கட்டடத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்த்ததில்லை.

வாசலில் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இதை முன்கூட்டியே வழிகாட்டி தெரிவித்திருந்தார் என்பதைப் பாராட்ட வேண்டும். அப்படியிருந்தும் கடவுச்சீட்டை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்த ஒருவர் வெளியிலேயே நிற்க நேர்ந்தது. ஆண்கள் தலையை மூடிக்கொள்ளச் சிறு தொப்பி தந்தார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

உள்ளே போனதும் முதலில் உணர்வது குளிர்ச்சி. உயர்ந்த மேற்கூரை, சாளரங்கள் வழியே வரும் வெளிச்சம், நடுவில் மேடை. நம் கோயில்களில் கருவறையை நோக்கியே எல்லாம் அமைந்திருக்கும். இங்கே வேதம் வாசிக்கும் மேடை மக்கள் நடுவில் இருக்கிறது, சுற்றிலும் அமர்ந்து கேட்கிறார்கள். எருசலேம் இருக்கும் மேற்குத் திசைச் சுவரில், யூதரின் வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை. பாக்தாத் மரபில் சுருள்களைத் துணியுறையில் சுற்றுவதில்லை. உருளை வடிவப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, அப்படியே நிற்கவைத்து வாசிப்பார்கள். ஐரோப்பிய யூதரின் வழக்கத்திலிருந்து இது வேறு. பெண்களுக்கான மேல்மாடம் முதலில் இல்லை, பிறகு சேர்க்கப்பட்டது. அதுவரை பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று அக்கா கேட்டார். பெண்கள் வழிபாட்டுக்கு வருவதே அரிது என்று மட்டும் பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கேட்டவருக்கும் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இந்த ஆலயம் எழ முன்னின்றவர்களில் முதன்மையானவர் மனாசே மேயர். பாக்தாதில் பிறந்து, கல்கத்தாவில் படித்து, பதின்பருவத்தில் சிங்கப்பூர் வந்தவர். பிற்காலத்தில் தம் நிலத்திலேயே செசெட் எல் என்ற இரண்டாவது ஆலயத்தை 1905-இல் கட்டினார். ராஃபிள்ஸ் விடுதியின் முதன்மைக் கட்டடத்தை வடிவமைத்த பிட்வெல் என்பவரே அதையும் வடிவமைத்தார். 1922 நவம்பரில் ஜப்பானுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கிய ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், எருசலேமில் அமையவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நிதி வேண்டி மேயரைச் சந்தித்தார். இவற்றையெல்லாம் வழிகாட்டி மிகுந்த ஈடுபாட்டோடு சொன்னார். ஆனால் மேயரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று குழுவில் ஒருவர் கேட்டபோது 'வணிகமும் நிலமும்' என்று நிறுத்திக்கொண்டார். அந்த வணிகத்தில் இந்திய அபினி பெரும்பங்கு வகித்தது. அன்றைக்கு அது சட்டப்படி நடந்த தொழில். கல்கத்தாவில் பிரித்தானிய அரசே ஏலம் விட்ட சரக்கு. யூதர் மட்டுமல்லாமல் பார்சிகளும் ஆங்கிலேயரும் சீனரும் அதில் ஈடுபட்டிருந்தார்கள். இத்தனை சூழலையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் இழுக்கில்லை. சொல்லாமல் விட்டால்தான், பிறகு வேறெங்கோ படித்துத் தெரிந்துகொள்பவர் அந்தச் சமூகத்தின் மேல் மட்டும் பழியை ஏற்றிவிட வாய்ப்புண்டு. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் கதையைச் சொல்பவர் மிகவும் கவனமாகச் செய்யவேண்டிய இடம் இது. நடை முடிந்த பிறகு அவரிடம் இதைத் தனியே, பணிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆலய வளாகத்திலேயே உள்ள ஜேக்கப் பாலாஸ் மையத்தில் சிங்கப்பூர் யூதர்களைப் பற்றிய சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. நடைச்சுற்றில் அதற்கு ஒதுக்கிய நேரம் இருபது நிமிடங்கள். இது போதவே போதாது. ஜப்பானிய ஆட்சிக்காலப் பகுதியை மட்டும் பார்க்கவே அவ்வளவு நேரம் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் சுமார் 1,500 பேராக வளர்ந்திருந்த சமூகம் அது. ஜப்பானியர் வந்ததும் யூதர்கள் அடையாளப் பட்டை அணிய வேண்டியதாயிற்று. 1943-இல் அவர்களைச் சிறைமுகாமில் அடைத்தார்கள். போர் முடிந்ததும் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட்டார்கள். பழைய குடும்பங்களில் எஞ்சியோர் இன்று சில நூறு பேர்தான். ஆகவே, இந்த நடைக்குப் போகும் எவரும் அருங்காட்சியகத்துக்கென இன்னொரு நாள் முன்பதிவு செய்துகொண்டு தனியே போவதே நல்லது.

போருக்குப் பிறகும் சிங்கப்பூரை விட்டுப் போகாமல் இருந்தவர்களில் ஒருவர்தான் டேவிட் மார்ஷல். 1908-இல் சிங்கப்பூரில் ஒரு பாக்தாத் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், குற்றவியல் வழக்கறிஞர், ஜப்பானியரின் போர்க்கைதியாக ஹொக்கைடோ வரை கொண்டுபோகப்பட்டவர். 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார். தன்னாட்சி கேட்டு லண்டன் சென்று, பேச்சுவார்த்தை முறிந்ததும், சொன்ன சொல் காத்து 1956 ஜூனில் பதவி விலகினார். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் சட்டமன்றத்தில் பேசலாம் என்ற தீர்மானம் நிறைவேறியது. வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். அக்காவின் பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழ் படித்தவர்கள். அக்கா சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

கடைசி நிறுத்தம் தோபி காட். இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்துக் காயப்போட்ட இடம் என்பதால் வந்த பெயர். அதே பகுதியில், ஆர்ச்சர்ட் சாலையோரம், யூதர்களின் முதல் இடுகாடு இருந்தது. எம்ஆர்டி தடத்துக்காக 1980-களில் கல்லறைகளைத் தோண்டி, எச்சங்களைச் சுவா சூ காங் இடுகாட்டுக்கு மாற்றினார்கள். இன்றைக்கு அங்கே பார்க்க எதுவும் இல்லை. நகரும் படிக்கட்டுகளும் கடைகளும் விரைந்து போகும் மக்களும் மட்டுமே. எதுவும் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் எங்களை நிறுத்திவைத்துப் பேச வழிகாட்டிக்குத் துணிவு இருந்தது. கையில் பழைய வரைபடத்தின் நகல் ஒன்றை விரித்து, சாலையின் எந்தப் பக்கம் எல்லைச்சுவர் இருந்திருக்கும் என்று விரலால் காட்டினார். பதினொரு பேரும் அந்தக் காகிதத்தைச் சுற்றிக் குனிந்து நின்றோம்.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். சனிக்கிழமை யூதரின் ஓய்வுநாள் என்பதால் ஜெப ஆலயத்துக்குள் பார்வையாளரை விடுவதில்லை. யூதப் பண்டிகை நாட்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு கட்டாயம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். முதியவர்களை அழைத்துச் செல்வதானால், வழியில் உட்கார இடம் கிடைப்பது ஜெப ஆலயத்தில் மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். என் அக்காவுக்கே மூட்டு வலித்தது. குழு சிறிதாக இருக்கும் நாளாகப் பார்த்துப் பதிவு செய்து, வழிகாட்டியின் பக்கத்திலேயே நடந்தால் செலிகி சாலையின் இரைச்சலிலும் அவர் பேச்சு கேட்கும். பதிவு செய்யும்போதே பெலிலியோஸ் சாலை உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மழை வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு நேரே செலிகி சாலையில் தொடங்கிவிடுவது உண்டாம். அப்படியானால் தேதியை மாற்றிக்கொள்வதே மேல்.